டயாலிசிஸுக்குச் செல்லும் முதியவருடன் மருந்துப் பட்டியலும் செல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். 72 வயதான என் அக்கா, அத்தான் காலமான பிறகு, பிள்ளைகள் இருவரும் வெளிமாநிலத்தில் இருப்பதால், மாதக் கட்டணம் செலுத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் தங்கியிருக்கிறார். நீண்டகால நீரிழிவால் இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்ட அவரை, செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் இல்லத்தின் வண்டியில் டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் அந்த இயந்திரத்தில் 4 மணி நேரம் இருந்துவிட்டுப் பிற்பகலில் திரும்புகிறார். இவரைப் போல முதியோர் இல்லத்தில் வசித்துக்கொண்டே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மருந்து கொடுக்கும் முறையில் உள்ள ஒரு பெரிய ஓட்டையைப் பற்றியே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மருந்துகளுக்கு நடுவிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கும், என் அக்கா அதில் விழுந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்பிய அக்கா, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். டயாலிசிஸ் முடிந்து வருபவர்கள் அசந்து தூங்குவது அங்கே வழக்கம் என்பதால் யாரும் எழுப்பவில்லை. மாலை 5 மணி அளவில், பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மையார்தான் அக்காவின் ரவிக்கை வியர்வையில் முழுதும் நனைந்திருப்பதையும், கூப்பிட்டால் பதில் இல்லாததையும் கண்டு சத்தம் போட்டிருக்கிறார். விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை அளவு 38 ஆக இருந்தது. அருகிலிருந்த மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றியபின் கண் விழித்தார். ஆனாலும் அன்றிரவு இரண்டு முறை மீண்டும் சர்க்கரை இறங்கியதால் 3 நாட்கள் அங்கேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் இல்லத்துக்குச் சென்று அக்காவின் மாத்திரை டப்பாவை வாங்கிப் பார்த்தேன். டயாலிசிஸ் தொடங்கிய சமயத்தில் சிறுநீரகவியல் மருத்துவர், பழைய சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் குறைந்த அளவில் இன்சுலின் மட்டும் போடும்படி எழுதியிருந்தார். அந்தச் சீட்டு இல்லத்தின் கோப்பில் பத்திரமாக இருந்தது. அதில் "மெட்ஃபார்மின் நிறுத்தவும், கிளிமிபிரைடு நிறுத்தவும்" என்று தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அக்கா சாப்பிட்டுவந்ததோ அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மாத்திரை. அது வேறொரு வணிகப் பெயரில் வருவது. கடையில் அட்டையை நறுக்கிக் கொடுத்திருந்ததால் அந்தப் பெயரிலும் பாதிதான் மிஞ்சியிருந்தது. மெட்ஃபார்மின் என்ற பெயரில் அட்டை எதுவும் இல்லை என்பதால் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை என்று நினைத்திருக்கிறார்கள். ஆக, மாத்திரையும் தொடர்ந்தது, இன்சுலினும் புதிதாகச் சேர்ந்தது. டயாலிசிஸ் நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

மாத்திரை எடுத்துக் கொடுத்த பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். 24 பேருக்குக் காலை மருந்து கொடுப்பவர் அவர் ஒருவரே. செவிலியர் படிப்பு படித்தவர் அல்லர். என் அக்காவுக்குத் தலை வாரிவிட்டுப் பூ வைத்துவிடும் நல்ல மனம் உடையவர். இல்ல நிர்வாகமும் அலட்சியமானது அன்று. மருத்துவர் சரியாகத்தான் எழுதினார். இல்லம் சீட்டைச் சரியாகத்தான் கோப்பில் வைத்தது. கடைக்காரர் பழைய அட்டையைப் பார்த்து அதே மாத்திரையைத்தான் கொடுத்தார். டயாலிசிஸ் மையத்துக்கோ அவர் இல்லத்தில் என்ன சாப்பிடுகிறார் என்பதே தெரியாது. நான்கு இடங்களிலும் அவரவர் வேலையை அவரவர் செய்திருக்கிறார்கள். நான்கையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் மட்டும் இல்லை.

சாதாரண முதியவருக்கு இப்படி ஒரு பிழை நேர்ந்தால் உடல் ஓரளவு தாங்கிக்கொள்ளும். டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த இடைவெளி இல்லை. நாம் சாப்பிடும் மருந்துகளில் பல, வேலை முடிந்ததும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. உடம்பில் உள்ள இன்சுலினில் ஒரு பகுதியைச் சிதைத்து அகற்றுவதும் சிறுநீரகமே; அதனால்தான் சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் அது நெடுநேரம் நின்று சர்க்கரையைக் கீழே தள்ளுகிறது. வெளியேறும் வாசல் அடைபட்ட வீட்டுக்குள் ஆட்கள் வந்துகொண்டே இருப்பதைப் போல, கொடுக்கக் கொடுக்க மருந்து உள்ளே சேர்ந்துகொண்டே போகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நீரிழிவுக்காரர்களின் பாத எரிச்சலுக்கு வழக்கமாக எழுதப்படும் காபாபென்டின் மாத்திரை. சிறுநீரகம் நன்றாக உள்ளவரின் ரத்தத்தில் இதன் அளவு 5 முதல் 7 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு, டயாலிசிஸ் இல்லாத நாட்களில், அதே பாதியாகக் குறைய 132 மணி நேரம், அதாவது ஐந்து நாட்களுக்கும் மேல், பிடிக்கிறது. டயாலிசிஸ் ஓடும்போதோ 4 மணி நேரத்துக்குள் பாதியாகிவிடுகிறது. எனவே இவர்களுக்கு இது மிகக் குறைந்த அளவில், டயாலிசிஸ் முடிந்த பிறகு கொடுக்கவேண்டிய மருந்து. அதை மற்றவர்களுக்குப் போலத் தினமும் மூன்று வேளை கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் தூக்கம், பிறகு தள்ளாட்டம், கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தல், பேச்சுக் குழறல், கடைசியில் இடம் பொருள் தெரியாத குழப்பம். பிரிகாபலினும் இதே வகைதான். தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் பாக்லோஃபென் இவற்றைவிடக் கொடியது; டயாலிசிஸ் நோயாளிகளில் சிலரை அது ஓரிரு நாட்களிலேயே நினைவிழக்கச் செய்துவிடும்.

முதியோர் இல்லத்தில் ஒருவர் தள்ளாடினாலோ, பேரன் பெயரை மாற்றிச் சொன்னாலோ, நமக்கு முதலில் தோன்றுவது வயதாகிவிட்டது என்பதுதான். பணியில் இருந்தபோது, கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்த முதியவர்களின் மருந்துச் சீட்டுகளை நான் பலமுறை வாங்கிப் பார்த்திருக்கிறேன். விழுந்ததற்குக் காரணம் குளியலறைத் தரை என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டிருக்க, சீட்டில் தூக்கம் வரவழைக்கும் மருந்துகள் இரண்டு மூன்று இருக்கும். டயாலிசிஸில் உள்ள ஒருவர் புதிதாகக் குழம்பிப் பேசினால், மறதி நோய் என்று முடிவுகட்டுமுன் அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருந்து உள்ளே தேங்குவது ஒரு பக்கம் என்றால், இயந்திரம் மருந்தை வெளியே இழுத்துவிடுவது மறுபக்கம். காலை 8 மணிக்குக் கொடுத்த மருந்து, 10 மணிக்குத் தொடங்கும் டயாலிசிஸில் கழிவுநீரோடு போய்விட்டால், நோயாளி மருந்து சாப்பிட்டார் என்று பதிவேட்டில் இருக்கும், உடம்பில் இருக்காது. நுண்ணுயிர்க்கொல்லிகளில் இது உயிர்ப் பிரச்சினை. செஃபசோலின் போன்ற ஊசிகளை டயாலிசிஸ் முடிந்த பின்னும், வான்கோமைசினை முடிகிற நேரத்திலோ முடிந்த பிறகோ போடுவது இதனால்தான். ரத்த அழுத்த மாத்திரைகளிலும் இந்த வேறுபாடு உண்டு: அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்றவை டயாலிசிஸில் வெளியேறக்கூடியவை, அம்லோடிபின், டெல்மிசார்டன், கார்வெடிலால் ஆகியவை வெளியேறாதவை. இன்னொரு சிக்கல், டயாலிசிஸில் நீர் எடுக்கும்போதே அழுத்தம் இறங்குகிறவர்களுக்கு அன்று காலையில் மாத்திரையும் கொடுத்தால் நடுவிலேயே மயங்கிவிடுவார்கள். அதற்காக எல்லோருக்கும் காலை மாத்திரையை நிறுத்திவிடவும் முடியாது, ஏனெனில் சிலருக்கு டயாலிசிஸின்போதே அழுத்தம் ஏறும். எந்த மாத்திரை டயாலிசிஸுக்கு முன், எது பின், எது அன்றைக்கு வேண்டாம் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் இல்லத்தில் உள்ளவர்கள் செயல்படுத்த முடியும். நான் பார்த்த சீட்டுகள் பெரும்பாலானவற்றில் காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. டயாலிசிஸ் நாள் என்று ஒரு கட்டம் இல்லை.

இதோடு, டயாலிசிஸ் மையத்தில் நேரம் மாறுவதும் உண்டு. இயந்திரம் பழுது, வேறொரு நோயாளிக்கு அவசரம் என்று காலை முறை மாலை முறையாகிவிடும். மாத்திரை நேரம் மட்டும் இல்லத்தின் கடிகாரப்படி நடந்துகொண்டிருக்கும்.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் மாத்திரைகளின் கதை தனி. சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துவைத்துக் கழிவோடு அனுப்புவதற்காகவே செவலமரும் கால்சியம் அசிட்டேட்டும் கொடுக்கப்படுகின்றன. அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால்தான் பயன். வெறும் வயிற்றில் விழுங்கினால் பிடித்துவைக்க அங்கே ஒன்றும் இல்லை. அக்காவின் இல்லத்தில் காலை 7 மணிக்கு எல்லா மாத்திரைகளையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சிற்றுண்டி வருவது 8.30 மணிக்கு. ஒன்றரை ஆண்டுகளாக, விலை அதிகமான அந்த மாத்திரைகள் ஏறக்குறைய வீணாகவே போயிருக்கின்றன. ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே இருந்ததால் மருத்துவர் மாத்திரை எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே இருந்தார். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்ததற்கு அந்தப் பாஸ்பரஸே காரணமாக இருக்கலாம் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. இதைவிட மோசம், அதே கிண்ணத்தில் தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் மாத்திரையும் இருந்தது. கால்சியமும் செவலமரும் இரும்புச் சத்தும் தைராக்சினை உடம்பு ஏற்கவிடாமல் தடுப்பவை. அவற்றுக்கிடையே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் இதே தடைதான். ஒரு கிண்ணத்தில் சேர்த்துப் போட்டதால் ஒன்றுக்கொன்று பகையாகி, எதுவுமே வேலை செய்யவில்லை.

மருந்து என்றே நாம் நினைக்காத பொருட்களையும் சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்துகள் பலவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் உள்ளன. இவர்களின் சிறுநீரகத்தால் இரண்டையும் வெளியேற்ற முடியாது. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மெக்னீசியம் கலந்த, பால் போன்ற மருந்தும், பாஸ்பேட் எனிமாவும் அப்படியே. லாக்டுலோஸ் போன்ற மாற்று இருக்கும்போது அவை தேவையில்லை. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் அதற்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். உறவினர்கள் பாசத்தோடு வாங்கிவரும் இளநீரிலும் பொட்டாசியம் ஏராளம். டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பு எதுவும் இன்றி இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடக்கூடும். இன்னதென்று தெரியாத கஷாயங்களையும் பஸ்பங்களையும் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: சித்த மருத்துவரிடம் முறையாகக் காட்டினாலும், தாம் டயாலிசிஸில் இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டும், சிறுநீரக மருத்துவரிடம் அந்த மருந்தையும் காட்ட வேண்டும்.

மூட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசியை நான் குறிப்பாகக் கவலையோடு பார்க்கிறேன். வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் பொது மருத்துவரிடம் முதியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஊசி அது. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள். அன்றே தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். இரைப்பையில் ரத்தக் கசிவுக்கும் வாய்ப்பு அதிகம். இன்னும் கொஞ்சமாவது சிறுநீர் கழித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வகை வலிமருந்து அந்த மிச்சத்தையும் பறித்துவிடும். அந்த மிச்சம் எவ்வளவு பெரிய பேறு என்பது, நாளொன்றுக்கு அளந்து தண்ணீர் குடிக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்குத்தான் தெரியும். ஊசி போடும் கையையும் பார்க்க வேண்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை அறுவை செய்து இணைத்த இடம்) உள்ள கையில் ஊசி போடுவதோ, ரத்தம் எடுப்பதோ, அழுத்தம் பார்ப்பதோ கூடாது என்பதை அந்தக் கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் போதும். செலவு ஒரு காகிதம்.

இன்சுலின் போடும் இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் கிடைக்கின்றன. சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு 40 யூனிட்டுக்கும், ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட்டுக்கும் உரியவை. சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை எடுத்தால், 8 என்ற கோட்டுக்கு எடுத்ததாக நாம் நினைப்பது உண்மையில் 20 யூனிட். இரண்டரை மடங்கு. சிறுநீரகம் செயலிழந்த உடம்பில் அது நெடுநேரம் நிற்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். பல முதியவர்களுக்கும் ஒரே அலமாரியிலிருந்து ஊசியும் சிரிஞ்சும் எடுக்கும் இல்லங்களில், இது எந்த நாளும் நடக்கக்கூடியது. அதே அலமாரிகளில், காலமானவர்களின் மிச்ச மாத்திரைகளை உறவினர்கள் நல்லெண்ணத்துடன் தானமாகக் கொடுத்துவிட்டுப் போன பெட்டிகளையும் நான் கண்டிருக்கிறேன். யாருக்கோ எழுதிய மருந்து, இன்னொருவருக்கு வலி என்றதும் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

என் அக்காவின் விஷயத்தில் நாங்கள் செய்தது மிக எளிய ஏற்பாடு. 100 பக்க நீள நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் அவர் சாப்பிடும் ஒவ்வொரு மருந்தின் மூலப் பெயர், வணிகப் பெயர், அளவு, எதற்காக, யார் எழுதியது, டயாலிசிஸ் நாளில் எப்போது, மற்ற நாளில் எப்போது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன். எதிர்ப் பக்கத்தில், நிறுத்தப்பட்ட மருந்துகளைச் சிவப்பு மையில், அவை அடங்கிய கூட்டு மாத்திரைகளின் பெயர்களோடு எழுதினேன். என் அக்காவுக்கு நேர்ந்ததைத் தடுத்திருக்கக்கூடிய பக்கம் அதுதான். அடுத்து வரும் பக்கங்கள் ஒவ்வொரு டயாலிசிஸ் நாளுக்கும் ஒன்று. இடப்பக்கத்தை இல்லத்தில் நிரப்புவார்கள்: காலையில் என்ன கொடுத்தோம், என்ன கொடுக்கவில்லை, சர்க்கரை எவ்வளவு, சாப்பிட்டாரா, புதிதாக ஏதேனும் தொந்தரவு உண்டா. வலப்பக்கத்தை மையத்தில் நிரப்புவார்கள்: முன் எடை, பின் எடை, அழுத்தம், ஹெப்பாரின் கொடுத்தார்களா, ரத்தம் ஊற உதவும் எரித்ரோபாய்டினோ இரும்பு ஊசியோ நுண்ணுயிர்க்கொல்லியோ போட்டார்களா, மருந்தில் மாற்றம் உண்டா. அக்காவின் கைப்பையில் எப்போதும் அந்த நோட்டு இருக்கும்.

தொடக்கத்தில் மையத்தில் இருந்தவர்கள் தயங்கினார்கள். ஒரு முறைக்கு 20 பேரைப் பார்க்கும் டெக்னீஷியன்களிடம் இன்னொரு நோட்டை நீட்டுவது எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் நிலைமை மாறிவிட்டது. காய்ச்சலுக்காக வெளி மருத்துவர் எழுதிய ஒரு மருந்தை நோட்டில் பார்த்த அங்குள்ள செவிலியர், அதன் அளவைக் குறைக்க வேண்டுமே என்று மருத்துவரை அழைத்துக் கேட்டு மாற்றினார். அதற்குப் பிறகு, நோட்டு எங்கே அம்மா என்று அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். இந்தப் பதினான்கு மாதங்களில் குறைந்தது மூன்று தவறுகளை அந்த நோட்டு தடுத்திருக்கிறது என்று என்னால் தேதியோடு காட்ட முடியும். இப்போது அதே இல்லத்தில் டயாலிசிஸுக்குச் செல்லும் மற்ற இருவருக்கும் நோட்டு போட்டிருக்கிறார்கள்.

ஆனால் எல்லா முதியவர்களுக்கும் மருந்தாளுநர் தம்பி இருக்கமாட்டான். அதனால்தான் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக ஏழைகளுக்குக் கட்டணமில்லாமல் டயாலிசிஸ் கிடைக்கிறது. மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இவை பெரிய சாதனைகள், உயிர்களைக் காப்பாற்றியவை. இயந்திரத்தை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்த அமைப்பு, அந்த இயந்திரத்தில் படுப்பவர் விழுங்கும் மாத்திரைகளைப் பார்க்கவும் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சட்டத்தில் இதற்கான இடம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைப்பது பற்றிப் பேசுகிறது. 20ஆவது பிரிவு மூத்த குடிமக்களின் மருத்துவ வசதியைப் பற்றிப் பேசுகிறது. டயாலிசிஸ் மையங்கள் போன்ற மருத்துவ நிறுவனங்களுக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 இருக்கிறது. இல்லம் சமூக நலத்துறையின் பார்வையில் இருக்கிறது, மையம் மக்கள் நல்வாழ்வுத் துறையின் பார்வையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான அந்த வண்டிப் பயணம் யாருடைய பார்வையிலும் இல்லை. மருந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும் இடத்தில்தான் பிழைகள் நுழைகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு இயக்கத்திலேயே வலியுறுத்தியிருக்கிறது. ஆபத்து மிகுந்த சூழல்கள், ஒரே நேரத்தில் பல மருந்துகள், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் சிகிச்சை என்ற மூன்றையும் அது முதன்மையாகக் குறிப்பிட்டது. டயாலிசிஸுக்குச் செல்லும் இல்லவாசி மூன்றிலும் ஒருங்கே நிற்கிறார். அதுவும் வாரத்துக்கு மூன்று முறை.

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் உள்ள ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலையும் மாதம் ஒருமுறையாவது உரிமம் பெற்ற மருந்தாளுநர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று கூட்டாட்சி விதி இருக்கிறது. அவர் கண்ட குறையை மருத்துவருக்கும் இல்லத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கே அது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் மருந்தியல் படித்து வெளிவரும் இளைஞர்கள் ஏராளம். நோயாளியின் அருகில் நின்று மருந்துகளை ஆராய்வதற்கென்றே ஃபார்ம்.டி. என்ற ஆறாண்டுப் படிப்பு 2008இல் இந்தியாவில் கொண்டுவரப்பட்டது. அதை முடித்தவர்களில் பலர் தகுந்த வேலையின்றி வேறு துறைகளுக்குப் போவதை என் உறவிலேயே பார்க்கிறேன். மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை வழங்க வேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன. டயாலிசிஸ் செய்துகொள்ளும் இல்லவாசிகளிடமிருந்தாவது இதைத் தொடங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் மாதம் ஒரு நாள் தம் எல்லைக்குட்பட்ட இல்லங்களுக்குச் சென்றுவர ஏற்பாடு செய்யலாம். கட்டண இல்லங்கள் தம் செலவில் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதி திருத்தியது. அதோடு, ஒரு மருந்தை நிறுத்தும்போது, அது எந்தக் கூட்டு மாத்திரைக்குள் இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் அந்த அட்டையை வாங்கி நீங்களே கோடு போட்டுவிடுங்கள். எழுதியவற்றை நோயாளியோடு வந்த உதவியாளர் திருப்பிச் சொல்லும்படி கேளுங்கள். உறவினர்களாகிய நாமும், இல்லத்தில் சேர்த்தபின் நம் பொறுப்பு பணம் கட்டுவதோடு முடிந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. மாதத்தில் ஒருநாள் மாத்திரை டப்பாவைத் திறந்து, சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மருந்தால் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால், மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

மக்கள் நல்வாழ்வுத் துறையும் சமூக நலத்துறையும் சேர்ந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை வெளியிட்டாலே போதும்: முதியோர் இல்லத்திலிருந்து டயாலிசிஸுக்கு வரும் எவரும் மருந்து நோட்டு இல்லாமல் வரக்கூடாது, அதில் தம் பக்கத்தை நிரப்பாமல் எந்த மையமும் அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. அந்த நோட்டின் மாதிரிப் பக்கங்கள் இரண்டை இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் இதழில் இடம் இருந்தால் அவற்றையும் வெளியிட வேண்டுகிறேன். படியெடுத்துப் பயன்படுத்த விரும்பும் இல்லங்கள் என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.